கார்மோவில் கூரை இல்லை

அன்புள்ள செல்வம்,

நலமா? அம்மாவின் கண் அறுவை சிகிச்சை முடிந்துவிட்டதா? மகளுக்கு லிஸ்பனில் மூன்று நாள் அலுவலகக் கூட்டம், என்னையும் கூட இழுத்துப் போய்விட்டாள். அதனால் ஒரு நாள் முழுக்கத் தனியாக ஊர் சுற்றினேன்.

முதலில் எல்லோரையும் போல 28ஆம் எண் டிராமுக்குப் போய் நின்றேன். வந்த மூன்றிலும் பள்ளிக்கூட நேரத்து டவுன் பஸ் கூட்டம். சரி என்று நடந்துவிட்டேன். ஏழு குன்றுகளின் மேல் கட்டிய ஊர் என்பார்கள், என் கால் அதைவிடக் கூடுதலாகவே எண்ணியது. நடைபாதை முழுக்க வெள்ளையும் கறுப்புமாகப் பொடிக் கற்கள் பதித்திருக்கிறார்கள். பார்க்க அழகு, இறக்கத்தில் வழுக்கும்.

மேட்டில் கார்மோ மடத்துத் தேவாலயம், 1389-ல் தொடங்கியது. உள்ளே போனால் தூண் இருக்கிறது, வளைவு இருக்கிறது, அதற்கு மேல் வெறும் வானம். 1755 நவம்பர் 1, அனைத்துப் புனிதர் பெருவிழா. காலையில் ஊரே பூசையில் இருந்தபோது பூமி ஆடியிருக்கிறது. கூரைகள் விழுந்தன, மெழுகுவத்திகள் சரிந்து தீப்பிடித்தது. தப்பியவர்கள் வெட்டவெளி தேடி ஆற்றங்கரைக்கு ஓடினார்கள். தண்ணீர் உள்வாங்கித் தரை தெரிந்தது. அப்புறம் அலை வந்தது.

இதை எழுதும்போதுதான் யாருக்கு எழுதுகிறேன் என்பது உறைக்கிறது. மன்னித்துக்கொள். ஆனால் அங்கே நின்ற அரைமணி நேரமும் நாகப்பட்டினம்தான் நினைவில் ஓடியது. அதுவும் ஒரு பண்டிகைக்கு மறுநாள் காலைதானே?

திரும்பக் கட்ட ஆரம்பித்திருக்கிறார்கள். 1834-ல் மடங்களையே கலைத்தபோது வேலை நின்றுபோனது. அதற்கப்புறம் இடிபாட்டை அப்படியே விட்டுவைத்தார்கள். பின்பக்கத்தில் சின்ன அருங்காட்சியகம். கண்ணாடிப் பெட்டிக்குள் இரண்டு பெரு நாட்டு மம்மிகள் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கின்றன. இந்தக் கதைக்கும் அவற்றுக்கும் என்ன சம்பந்தமோ!

கீழே இறங்கினால் பாய்ஷா. கோடு கிழித்த மாதிரித் தெருக்கள், அழிவுக்குப் பிறகு கட்டியவை. சுவருக்குள் மரச் சட்டத்தால் கூண்டு மாதிரி பின்னியிருக்கிறார்கள், ஆடினாலும் விழாதிருக்க. இதையெல்லாம் முன்னின்று செய்த அமைச்சர், பின்னாளில் பொம்பால் பிரபு. அவர் செய்த இன்னொரு வேலைதான் என்னைப் பிடித்துக்கொண்டது. நாட்டிலுள்ள தேவாலயப் பங்குகளுக்கெல்லாம் ஒரு கேள்வித்தாள் அனுப்பியிருக்கிறார். எவ்வளவு நேரம் ஆடியது, எத்தனை பேர் இறந்தார்கள், கடல் முதலில் ஏறியதா இறங்கியதா என்று. பதில்களை இன்றும் ஆவணக் காப்பகத்தில் வைத்திருக்கிறார்கள்.

ராஜா மட்டும் கடைசிவரை கல் சுவருக்குள் வசிக்க ஒப்பவில்லையாம். குன்றின் மேல் மரத்தால் ஒரு கொட்டகை அரண்மனை கட்டி அதிலேயே இருந்துவிட்டார். உன் அம்மா மாடி வீடு இல்லாத இடத்தில் தூங்க மாட்டேன் என்று அடம்பிடித்தது ஞாபகம் வந்தது. இருவரும் சந்தித்திருந்தால் நன்றாகப் பேசியிருப்பார்கள்.

மத்தியானம் சுட்ட மத்தி மீன். கல்லுப்பைத் தவிர வேறொன்றும் கிடையாது, நீ பார்த்தால் மிளகாய்த்தூள் கேட்டிருப்பாய். உள்ளே புழுக்கமாக இருந்ததால் கடைக்காரர் பையனிடம் ஏதோ சொன்னார். அதில் எனக்குப் புரிந்தது ஜனலா என்ற ஒரே சொல். நம் ஜன்னலேதான்! மேசை, சாவி, அலமாரி எல்லாம் இந்தப் போர்ச்சுகீசியர்கள் விட்டுப்போனவை என்று படித்திருக்கிறேன், காதால் கேட்பது வேறு. சாயங்காலம் பெலேமில் ஜெரோனிமோஸ் மடத்துத் தேவாலயத்தில் வாஸ்கோ ட காமாவின் கல்லறையையும் பார்த்தேன். அந்த மடம் நிலநடுக்கத்துக்குத் தாக்குப்பிடித்த கட்டடம். கொச்சியில் செத்துப் புதைத்தவரை எடுத்துவந்து இங்கே படுக்க வைத்திருக்கிறார்கள். கும்பல், செல்பி, கிளம்பிவிட்டேன்.

செல்வம், அன்றைக்கு நான் திருச்சியில் இருந்தேன். இத்தனை வருடத்தில் நீயாக ஒரே ஒரு தடவைதான் பேசினாய், முதல் அலைக்குப் பிறகு கடல் உள்ளே போனதைப் பற்றி. நானும் மேலே கேட்கவில்லை. பொம்பாலின் கேள்விகளில் எனக்குத் தெரிந்த மூன்றைத் தனித்தாளில் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். தோன்றும்போது எழுது. இல்லையென்றால் தாளை எடுத்து வை, பொங்கலுக்கு வரும்போது உட்கார்ந்து பேசலாம்.

அம்மாவிடம் ராஜா கதையை மறக்காமல் சொல்.

அன்புடன்,
ரவி