ஆற்றங்கரை அம்மன் கோயில் திருப்பணி நிறைவு அறிக்கை

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

அம்மன் அருளால் கும்பாபிஷேகம் நல்லபடியாக நடந்தது. விமான வர்ணம், மண்டபத் தளம், மடப்பள்ளி, மின்சார வேலை எல்லாம் சொன்ன தேதிக்குள் முடிந்தன. செலவு மீறியது மதில் சுவரில்தான். ஊரில் எல்லோரும் அதைத்தான் கேட்கிறீர்கள். சரி, நடந்ததைச் சொல்லிவிடுகிறோம்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து எண்ணூர்க் கழிமுகத்தில் கலந்தபோது, பழைய மதிலில் இடுப்புயரத்துக்குக் கறுப்பு ஏறியது. சுரண்டினால் காரையும் சேர்ந்து உதிர்ந்தது. இடித்துக் கட்டுவதென்று பொதுக்கூட்டத்தில் முடிவானது. ஒப்பந்தக்காரர் நேராக நூல் பிடித்தார். நூல் வேப்பமரத்தடிக் கன்னிமார் கற்கள் மேலேயே போனது. இருளர் குடும்பங்கள் மஞ்சள் பூசிக் கும்பிடும் ஏழு கற்கள். "ரெண்டடி தள்ளி நட்டுக்கலாமே" என்றார். கமிட்டி மறுத்தது.

பறி என்கிற ஓலைக்கூடையைப் பல்லில் கவ்விக்கொண்டு, சேற்றைக் கையால் துழாவி இறால் பிடிப்பவர்கள் இருளர்கள். எண்ணெய் மிதந்த நாட்களில் கையை வைக்கத் தண்ணீரில்லாமல் நின்றார்கள். இதே கொசஸ்தலையாற்றுப் படுகையில், அத்திரம்பாக்கத்தில், 1863-இல் நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபுட் கற்கோடரிகளைக் கண்டெடுத்தார். அங்கே ஆதி மனிதர் புழங்கி 15 லட்சம் ஆண்டுகள் ஆயிற்று என்கிறது ஆய்வு. அப்படிப்பட்ட ஆற்றின் கரையில், கும்பிடுகிற கல்லைப் பெயர்க்க எங்களுக்கு மனசு வரவில்லை. மதிலை வளைத்தோம்.

வளைவுக்குக் கூடுதல் கூலி கேட்டார், கொடுத்தோம். ஆனால் அந்த இடத்துக்கு மட்டும் கழிமுக மணலை இறக்கிவிட்டார். விளக்கேற்ற வந்த இருளர் பாட்டி ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்து, "உப்புக் கரிக்குதுப்பா" என்று துப்பினார். ஒப்பந்தக்காரர் காதில் வாங்கவில்லை. பத்தே நாளில் உப்புப் பூத்துப் பூச்சு பொரிந்தது. முழுவதும் கொத்தி எடுத்து, வேறு கொத்தனாரை வைத்து எம் சாண்டில் பூசினோம். பழைய ஒப்பந்தக்காரருக்குக் கொடுத்த முன்பணம் இன்னும் திரும்பவில்லை; அவருடைய பாக்கிக் கூலியை நிறுத்திவிட்டோம். அரைகுறையாக விட்டிருந்தால் இந்தச் செலவு மிச்சம்தான், ஆனால் அடுத்த மழைக்கு மதில் நின்றிருக்காது. ரசீதுகள் எல்லாம் கோயில் அலுவலகத்தில் இருக்கின்றன. யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம்.

சிமெண்ட் தந்த படகுக்காரர்கள், கலசம் தந்த வலைக்கடை அண்ணன், செங்கல் இறக்கிய லாரி ஓட்டுநர்கள், வேலையாட்களுக்குக் கூழ் ஊற்றிய மீன்கார அக்காமார், மீன்பிடிக்க முறை வைக்கும் பாடு போல வீட்டுக்கு ஒரு நாள் மண் சுமந்த பிள்ளைகள், இறால் விற்ற காசை மஞ்சள் துணியில் முடிந்து தந்த இருளர் குடும்பங்கள், எல்லோருக்கும் கமிட்டியின் நன்றி.

வேப்பமர மேடை மட்டும் பாக்கி. மண்டலாபிஷேகம் முடிந்ததும் தொடங்குவோம்.

இப்படிக்கு,
திருப்பணிக் கமிட்டி