வெங்காரத்தின் மஞ்சள்

செவ்வாய்ப்பேட்டை, சேலம்.

அன்புள்ள கண்ணு,

உன் பிளஸ் டூ பிசிக்ஸ் புத்தகங்களைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடச் சொன்னாய். போடமாட்டேன். நான் படித்துக்கொண்டிருக்கிறேன். போனில் சொல்ல வாய் வரவில்லை, அதனால் எழுதுகிறேன்.

நீ எட்டாவது படித்தபோது ஒரு ராத்திரி, நான் கொலுசுக்குச் சலங்கை பற்றவைத்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் உட்கார்ந்து, "வெங்காரம் பட்டதும் தீ ஏன்மா மஞ்சளாகுது?" என்று கேட்டாய். "அது எப்பவும் அப்படித்தான், தள்ளி உட்காரு" என்றேன். எனக்கே தெரியாது. பதில் உன் புத்தகத்தில் இருந்திருக்கிறது. பற்றவைக்கும்போது போடுகிற இந்த வெங்காரத்தில் சோடியம் இருக்கிறது. சூட்டில் அதன் எலக்ட்ரான் ஒரு படி மேலே ஏறுகிறது, அங்கே தங்க முடியாமல் இறங்குகிறது. இறங்கும்போது விடுகிற வெளிச்சம்தான் அந்த மஞ்சள். இரண்டு படிக்கும் நடுவில் நிற்க இடமே கிடையாது, அதனால்தான் நிறம் ஒரு நாளும் மாறுவதில்லை. ரசம் பொங்கி அடுப்பில் வழிந்தால் வருகிற மஞ்சளும் உப்பிலிருக்கிற அதே சோடியம்தான். இத்தனை வருஷம் இதற்கு முன்னால் உட்கார்ந்திருந்தும் நான் கேட்காததை நீ கேட்டாய்.

அப்புறம் விட மனசில்லை. மதியத்தில் செல்போனில் தமிழில் யாராவது நட்சத்திரம் பற்றிப் பேசினால் கேட்கிறேன். போன மார்கழியில் ஏற்காட்டுக்குப் பெரியம்மா வீட்டுக்குப் போனபோது, சால்வையைப் போர்த்திக்கொண்டு வாசலுக்கு வந்தேன். காப்பித் தோட்டத்து சில்வர் ஓக் மரங்களுக்கு மேலே, வரிசையாக நிற்கிற மூன்று நட்சத்திரத்தைப் பிடித்துக்கொண்டு கீழே வந்தால், ஒன்று வைரம் மாதிரி துடித்தது. அதுதான் சிரியஸ். அதற்கு ஒரு துணை உண்டு, வெறும் கண்ணுக்குத் தெரியாது. பூமியளவு உருண்டைக்குள் சூரியனளவு எடை. அதில் எள்ளளவு கிள்ளி நம் தராசில் வைத்தால் சில கிலோ நிற்கும். வெள்ளியை மில்லிகிராம் பார்த்து நிறுக்கிறவள் நான், எனக்கு அன்றைக்குத் தூக்கமே வரவில்லை.

அந்தத் துணைக்கு உள்ளே எரிவதற்கு ஒன்றுமில்லை, பின்னே ஏன் தன் எடையிலேயே நசுங்கிப் போகவில்லை? கல்யாணப் பந்தியை வைத்துப் புரிந்துகொண்டேன், சரியா பார். ஒரு இலைக்கு ஓர் ஆள்தான். கீழே நிரம்பிவிட்டால் அடுத்தவர் மாடிக்குத்தான் போகவேண்டும். எலக்ட்ரானும் அப்படி, ஒன்றின் இடத்தில் இன்னொன்று உட்காராது. 1925இல் பாவுலி என்கிற விஞ்ஞானி சொன்னது. நெருக்க நெருக்க, கீழ்ப்படிகளில் இடமில்லாமல் மேலே மேலே ஏறி, வேகமாக ஓடுகின்றன. அந்த ஓட்டம்தான் நட்சத்திரத்தைத் தாங்குகிறது. ஆறிப்போனாலும் தாங்கும்.

அதற்கும் எல்லை உண்டு, சூரியனின் எடையைப் போல 1.4 மடங்கு. அதைக் கணக்குப் போட்டவர் சந்திரசேகர், சென்னை மாநிலக் கல்லூரியில் படித்தவர். 1930இல் இங்கிலாந்துக்குப் போகிற கப்பலில், 19 வயதில் போட ஆரம்பித்த கணக்கு. 1935இல் எடிங்டன் என்கிற பெரிய வானியல் அறிஞர் சபை நடுவிலேயே அதை மறுத்துப் பேசினார். சந்திரசேகருக்கு நோபல் பரிசு வந்தது 1983இல். இதைப் படித்தபோது உன் நினைவுதான் வந்தது. நீ பி.எஸ்சி. பிசிக்ஸ் கேட்டாய். அப்பாவுக்கு ஆபரேஷன் ஆன வருஷம், கடன் கழுத்தளவு. வேலை கிடைக்கிற படிப்பாகப் பார்த்து உன்னைச் சேர்த்துவிட்டோம். நீ ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. எனக்கு அது இன்னும் உறுத்துகிறது கண்ணு.

எல்லையைத் தாண்டினால் எலக்ட்ரான்கள் புரோட்டான்களுக்குள் அழுந்தி நியூட்ரான் ஆகிவிடுமாம். நியூட்ரான் நட்சத்திரம் சுமார் 20 கிலோமீட்டர் அகலம்தான். ஓர் ஓரத்தைச் செவ்வாய்ப்பேட்டையில் வைத்தால் மறு ஓரம் ஏற்காட்டைத் தாண்டும், எடையோ சூரியனைவிட அதிகம். அப்படி இரண்டு மோதியதை 2017 ஆகஸ்ட் 17 அன்று பார்த்திருக்கிறார்கள், 13 கோடி ஒளியாண்டுக்கு அப்பால். அந்த வெளிச்சத்தைப் பிரித்ததில் ஸ்ட்ரான்சியம் தெரிந்ததாம், மத்தாப்பில் சிவப்பு கொடுக்கிற அதே சாமான். தங்கம் அப்படி மோதும்போது உண்டாகிறது. வெள்ளியிலும் பெரும்பங்கு நட்சத்திரங்கள் வெடித்தும் மோதியும் வந்ததுதான். மறுநாள் காலையில் பட்டறைக் கட்டியைக் கையில் எடுத்துக் கொஞ்ச நேரம் வைத்துக்கொண்டிருந்தேன்.

ஒன்று மட்டும் விளங்கவில்லை. நியூட்ரானாலும் தாங்க முடியாமல் போனால் கருந்துளை என்கிறார்கள். அப்போது பந்தியில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாம் எங்கே போவார்கள்? ஞாயிற்றுக்கிழமை போனில் சொல்லு. பொங்கலுக்கு இரண்டு நாள் கூடுதலாக லீவு போட்டுக்கொண்டு வா, பெரியம்மாவிடம் சொல்லிவிட்டேன், ஏற்காட்டில் இரண்டு ராத்திரி தங்கலாம். ஸ்வெட்டர் எடுத்து வா.

அம்மா