முழு மதிப்பெண்ணும் கிடைக்காத இடமும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் சேர்க்கை முடிவுகளை வெளியிடும் காலத்தில், கல்லூரிச் சேர்க்கைக்காக எழுதப்படும் எஸ்ஏடி தேர்வில் 1,600-க்கு 1,600 எடுத்த மாணவருக்கும் விரும்பிய கல்லூரியில் இடம் கிடைக்கவில்லை என்ற வகைச் செய்திகள் ஆண்டுதோறும் வருகின்றன. அவற்றைப் படிக்கும் பெற்றோரில் சிலர் அந்தப் பிள்ளைக்கு அநீதி நடந்துவிட்டதாகக் கொதிக்கிறார்கள். வேறு சிலர், அந்தப் பிள்ளையிடம் வெளியே தெரியாத ஏதோ குறை இருந்திருக்க வேண்டும் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். இந்தத் தேர்வுக்குப் பன்னிரண்டு ஆண்டுகள் கணிதம் கற்பித்தவன் என்ற முறையில், இரண்டாவது முடிவுதான் என்னை அதிகம் வருத்துகிறது. அதைப் பற்றியே இக்கடிதம்.

முதலில் ஓர் எளிய கணக்கு. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் சேர்க்கை முறைக்கு எதிராகத் தொடரப்பட்டு, 2023 ஜூன் மாதம் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் முடிந்த வழக்கில், அதுவரை வெளியாருக்குத் தெரியாத பல எண்கள் நீதிமன்ற ஆவணங்களில் வெளிவந்தன. 2019-இல் பட்டம் பெறவேண்டிய வகுப்புக்கு 35,000-க்கும் மேற்பட்டோர் விண்ணப்பித்தார்கள். இருந்த இடங்களோ ஏறத்தாழ 1,600. விண்ணப்பித்தவர்களில் எஸ்ஏடி கணிதப் பிரிவில் முழு மதிப்பெண் எடுத்தவர்கள் மட்டுமே 3,000-க்கும் மேல். பள்ளி மதிப்பெண்ணில் ஒரு புள்ளிகூடக் குறையாதவர்கள் 8,000-க்கும் மேல். கணிதத்தில் முழு மதிப்பெண் பெற்றவர்களைத் தவிர வேறு ஒருவரையும் சேர்ப்பதில்லை என்று அந்தப் பல்கலைக்கழகம் முடிவு செய்திருந்தால்கூட, அவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் வெளியேதான் நின்றிருப்பார்கள். இதில் எந்தப் பிள்ளையின் குறையைத் தேடுவது?

மதிப்பெண்ணை வைத்து எவ்வளவு சொல்ல முடியும் என்பதையும் பெற்றோர் அறிந்துகொள்வது நல்லது. இன்றைய கணினிவழி எஸ்ஏடி தேர்வில் மொத்தம் 98 கேள்விகள். அதன் நான்கு பகுதிகளில் ஒவ்வொன்றிலும் இரண்டு வீதம் எட்டுக் கேள்விகள், வருங்காலத் தேர்வுகளுக்காகச் சோதித்துப் பார்க்கப்படுபவை. அவை மதிப்பெண்ணில் சேராது. எவை அந்த எட்டு என்பது எழுதுகிறவருக்குத் தெரியாது. ஆகவே ஒரு கேள்விக்குத் தவறாக விடையளித்தவரும் 1,600 பெறக்கூடும். மேலும், அதே மாணவர் வேறொரு நாளில் எழுதினால் ஒரு பிரிவின் மதிப்பெண் முப்பது புள்ளிகள் அளவுக்கு ஏறவோ இறங்கவோ கூடும் என்பதைத் தேர்வை நடத்துகிறவர்களே ஒப்புக்கொள்கிறார்கள். அப்படியிருக்க, 1,560-க்கும் 1,600-க்கும் இடையில் அறிவில் ஏதோ பெரிய வேறுபாடு இருப்பதாக நாம்தான் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகமான எம்ஐடி இதை வெளிப்படையாகவே சொல்லிவிட்டது. பெருந்தொற்றுக் காலத்தில் நிறுத்தி வைத்த தேர்வு நிபந்தனையை 2022 மார்ச்சில் மீண்டும் கொண்டுவந்தபோது, அங்குள்ள பாடங்களைத் தாங்கும் ஆயத்தம் மாணவரிடம் இருக்கிறது என்பது உறுதியாகும் வரைதான் மதிப்பெண்ணைப் பார்ப்பதாகவும், அதற்குமேல் கூடுதலாக உள்ள புள்ளிகளைக் கணக்கில் எடுப்பதில்லை என்றும் அதன் சேர்க்கைத் துறை தெளிவுபடுத்தியது. இத்தனை வெளிப்படையாகச் சொல்லியும் அந்தச் செய்தி நம் வீடுகளை எட்டவில்லை.

என்னிடம் படித்த ஒரு மாணவியைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். முதல் முறை எழுதியபோதே 1,550 எடுத்தாள். அப்போது அவள் வாரத்தில் இரண்டு மாலைகள் ஒரு நூலகத்தில் சிறு பிள்ளைகளுக்குப் படிக்கக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தாள்; எழுத்துக் கூட்டித் திணறிய பையன் ஒருவன் முதன்முறையாக ஒரு முழுப் பக்கத்தைத் தடையில்லாமல் படித்ததை, கணக்கை நிறுத்திவிட்டு என்னிடம் கால் மணி நேரம் விவரித்திருக்கிறாள். 1,550 போதாது என்று வீட்டில் முடிவானது. நூலகத்துக்குப் போவது நின்றது. ஏழு மாதங்களில் மேலும் இரண்டு முறை தேர்வெழுதி, முதலில் 1,580, பிறகு 1,600 எடுத்தாள். அந்த ஏழு மாதங்களும் அவள் கையில் ஒரு நீல அட்டை நோட்டு இருந்தது. தவறிய ஒவ்வொரு கேள்வியையும் அதில் சிவப்பு மையால் எழுதி, அருகில் காரணத்தைக் குறிப்பாள். கடைசிப் பக்கங்களில் இருந்தவை பெரும்பாலும் காற்புள்ளி, அரைப்புள்ளிப் பிழைகள்தான்.

அவள் கனவு கண்டுவந்த கல்லூரி அவளுக்கு இடம் தரவில்லை. முடிவு வந்த இரவில் வீட்டில் அவளிடம் கேட்கப்பட்ட முதல் கேள்வி, “எங்கே விட்டே?” என்பதுதான். மறுநாள் அந்த நோட்டை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்து, “சார், இதுல எந்தப் பக்கத்தை நான் சரியாப் படிக்கலை?” என்று கேட்டாள். முழு மதிப்பெண் எடுத்த ஒரு பிள்ளை தன் தவறைத் தேடி என் மேசையில் பக்கம் பக்கமாகப் புரட்டிக்கொண்டிருந்ததை என்னால் இன்றுவரை மறக்க முடியவில்லை. நூலகத்தை விட்டுவிட்டுத் தேர்வைப் பார் என்று சொன்னவர்களில் நானும் ஒருவன்.

கோபப்பட நியாயமான காரணங்கள் உண்டு. அவற்றை மறைக்க நான் விரும்பவில்லை. விளையாட்டுக்காகத் தேர்வு செய்யப்படுகிறவர்கள், முன்னாள் மாணவர்களின் பிள்ளைகள், நன்கொடையாளர்களின் பிள்ளைகள் உள்ளிட்டோருக்கான சிறப்புப் பட்டியல், ஊழியர்களின் பிள்ளைகள் ஆகிய பிரிவினர் ஹார்வர்டின் விண்ணப்பதாரர்களில் 5 சதவீதத்துக்கும் குறைவு. இடம் பெறுகிறவர்களிலோ ஏறத்தாழ 30 சதவீதம். இதுவும் அதே வழக்கில் வெளிவந்ததுதான். ராஜ் செட்டி உள்ளிட்ட பொருளியல் அறிஞர்கள் 2023-இல் வெளியிட்ட ஆய்வு, ஒரே மதிப்பெண் எடுத்த மாணவர்களை ஒப்பிட்டது. பன்னிரண்டு முன்னணித் தனியார் பல்கலைக்கழகங்களில் சேரும் வாய்ப்பு, நடுத்தர வருவாய்க் குடும்பத்துப் பிள்ளைகளைவிட, வருவாயில் முதல் ஒரு சதவீதத்தில் உள்ள குடும்பங்களின் பிள்ளைகளுக்கு இருமடங்குக்கும் அதிகம் என்று அது கண்டது. பெற்றோர் படித்த கல்லூரி என்பதற்காகப் பிள்ளைக்கு முன்னுரிமை தருவதை எம்ஐடி ஏற்பதில்லை. கலிஃபோர்னியா மாநிலம் 2024-இல் சட்டம் இயற்றித் தனியார் பல்கலைக்கழகங்களிலும் இதைத் தடை செய்தது. மற்ற நிறுவனங்களும் இந்த வழிக்கு வர வேண்டும் என்று உரக்கக் கேட்கலாம், கேட்கவும் வேண்டும். ஆனால் அந்தக் கோபத்தைப் பிள்ளையின் மீது திருப்பி, இன்னொரு முறை தேர்வெழுதச் சொல்வதால் அந்த அநீதியில் ஒரு துளியும் குறையப்போவதில்லை.

தேர்வே வேண்டாம் என்பாரோடும் எனக்கு உடன்பாடில்லை. வசதியான பள்ளியும் பரிந்துரைக்க ஆளும் இல்லாத ஒரு மாணவர், தன் திறமையைத் தொலைதூரத்தில் உள்ளவர்களுக்குக் காட்டக் கிடைக்கும் சில வழிகளில் இதுவும் ஒன்று. நான் மறுப்பது கடைசி ஐம்பது புள்ளிகளுக்காக ஓராண்டைக் கொடுப்பதைத்தான்.

கனவுக் கல்லூரி கிடைக்காவிட்டால் வாழ்க்கையே போயிற்று என்ற அச்சத்துக்கும் அவ்வளவு ஆதாரமில்லை. ஸ்டேசி டேல், ஆலன் குரூகர் ஆகிய ஆய்வாளர்கள் இருவரும் 2002-இல் வெளியிட்ட ஆய்வில், புகழ்பெற்ற கல்லூரிகளில் இடம் கிடைத்தும் வேறு கல்லூரியில் சேர்ந்தவர்களின் பிற்கால வருமானம், புகழ்பெற்றவற்றில் படித்தவர்களின் வருமானத்தைவிடப் பொதுவாகக் குறைந்துவிடவில்லை என்று கண்டார்கள். வறிய குடும்பத்துப் பிள்ளைகளுக்கு மட்டும் கல்லூரியின் பெயர் கூடுதலாக உதவியது. செட்டியின் ஆய்வோ, சராசரி வருமானத்தில் பெரிய மாற்றம் இல்லாவிட்டாலும், மிக உயர்ந்த வருமானத்தை எட்டும் வாய்ப்பு அக்கல்லூரிகளில் படித்தவர்களுக்குக் கூடுகிறது என்கிறது. இரண்டையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். பிள்ளைகளிடம் பாதி உண்மையைச் சொல்லித் தேற்றுவது எனக்குப் பிடிக்காது.

என் மாணவி வேறொரு பல்கலைக்கழகத்தில் சேர்ந்து மொழியியல் படிக்கிறாள். குழந்தைகள் படிக்கக் கற்றுக்கொள்ளும் விதத்தைப் பற்றி அங்கே ஒரு பாடம் இருப்பதாக எழுதியிருந்தாள்.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். முழு மதிப்பெண் எடுத்தும் இடம் கிடைக்காத மாணவரைப் பற்றி இனி செய்தி வெளியிடும்போது, அந்த ஆண்டு அக்கல்லூரிக்கு எத்தனை பேர் விண்ணப்பித்தார்கள், எத்தனை பேருக்கு இடம் கிடைத்தது என்ற இரண்டு எண்களையும் மாணவரின் மதிப்பெண்ணுக்கு அருகிலேயே அச்சிடுங்கள். அன்று காலையில் அதைப் படிக்கும் ஏதாவதொரு வீட்டில், “எங்கே விட்டே?” என்ற கேள்வி கேட்கப்படாமல் போகலாம்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டகால வாசகர்,
கணித ஆசிரியர் (ஓய்வு)