வண்டி வாங்கிவிட்டேன் அப்பா

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம், நலமறிய ஆவல்.

உங்கள் கடிதம் போன வாரமே வந்து சேர்ந்தது. மூன்று மாதமாக நான் ஒரு வரிகூட எழுதாததை நீங்கள் எங்குமே குறையாகச் சொல்லவில்லை. அம்மாதான் கடைசியில், இடம் இல்லாத இடத்தில் நெருக்கி, "குளிருக்குக் காதை மூடிக்கொள்" என்று தன் கையெழுத்தில் ஒரு வரி சேர்த்திருக்கிறாள். அதைப் பார்த்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை. வாரா வாரம் போனில் பேசுகிறோமே என்று இருந்துவிட்டேன். ஆனால் போனில் அம்மா அழுகிறாளா என்று காது கொடுத்துக் கேட்பதிலேயே நேரம் போய்விடுகிறது. சொல்ல நினைத்தது எதுவும் வாயில் வருவதில்லை.

முதலில் நீங்கள் கேட்டதற்குப் பதில். வண்டி வாங்கிவிட்டேன். ஆனால் இத்தனை வருஷமாக உங்களிடம் சொல்லிக்கொண்டிருந்த வண்டி அல்ல.

எனக்கு வேலை காலை ஐந்து மணிக்கு. முதல் பஸ் வருவதே ஐந்தே முக்காலுக்குத்தான். இதுவரை நடந்துதான் போய்க்கொண்டிருந்தேன், ஐம்பது நிமிஷம். உடம்புக்கு நல்லதுதான், அதனால்தான் உங்களிடம் சொல்லவில்லை. இருட்டில் பனி விழும்போது மட்டும் கொஞ்சம் சிரமம். சரி, லைசென்ஸ் கையில் இருக்கிறது, இனி வண்டி வாங்கிவிடலாம் என்று முடிவு செய்தபோது என் மனதில் இருந்தது ஒரே ஒரு வண்டிதான். உங்களுக்கே தெரியும். ராயல் என்ஃபீல்டின் அந்த இரட்டை சிலிண்டர், 648 சி.சி., இன்டர்செப்டர். அது 2018-ல் வந்த நாளிலிருந்து அதன் படம் என் போனில் இருக்கிறது.

அப்பா, அதை ஓட்டிப் பார்த்தேன். பத்தே நிமிஷம். கடைக்காரர் சாவியைக் கொடுத்ததும் உட்கார்ந்து, ஸ்டாண்டை எடுத்து, கொஞ்ச நேரம் ஸ்டார்ட் செய்யாமலேயே இருந்தேன். டாங்க் மேல் என் முகம் தெரிந்தது. அதன் இரண்டு பிஸ்டன்களும் சேர்ந்து ஏறி இறங்குவதில்லை. ஒன்றுக்கு ஒன்று நேர் எதிராகவும் போவதில்லை. ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் முக்கால் சுற்று வித்தியாசம், 270 டிகிரி கிராங்க் என்பார்கள். அதனால் சத்தம் சீராக வராது. ஒரு அடி, சட்டென்று இன்னொரு அடி, அப்புறம் ஒரு சின்ன இடைவெளி, மறுபடியும் முதலிலிருந்து. நம் பழைய புல்லட்டின் சத்தம் அல்ல அது. ஆனால் புல்லட்டின் பேரப்பிள்ளை என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம். மூன்றாவது கியரில் கைப்பிடியைத் திருகியபோது எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. திரும்பி வந்து இறங்கி, கையெழுத்துப் போட பேனாவைக்கூட எடுத்துவிட்டேன்.

போடவில்லை. "நாளைக்கு வருகிறேன்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

ஏன் என்று சொல்கிறேன், உங்களுக்குப் புரியும். இங்கே பனிக்காலத்தில் சாலையில் பனி உறையாமல் இருக்க உப்பைக் கொட்டுகிறார்கள். சாலை முழுக்க வெள்ளையாகக் கிடக்கும். அந்த உப்புத் தண்ணீர் சங்கிலியில், ஸ்போக்கில், சைலன்ஸரில் எல்லாம் ஏறி உட்கார்ந்து அரிக்கும். பளபளவென்று குரோம் பூசிய வண்டி ஒரே பனிக்காலத்தில் சொறி பிடித்த மாதிரி ஆகிவிடும். நான் இருக்கும் இடத்தில் வண்டிக்கு ஷெட் கிடையாது, வெளியில் மழையிலும் பனியிலும்தான் நிற்க வேண்டும். குளிரில் டயர் ரப்பர் இறுகிப் பிடிமானம் குறைந்துவிடும், பேட்டரியும் சோர்ந்துபோகும். இதெல்லாம் ஒரு பக்கம். போன பனிக்காலத்தில் வேலை இடத்து வாசலில் கூட வேலை பார்க்கும் ஒருவருடைய பெரிய வண்டி நின்ற இடத்திலேயே சறுக்கி விழுந்தது. அதைத் தூக்க மூன்று பேர் சேர்ந்தோம். காலடியில் கண்ணாடி மாதிரிப் பனிக்கட்டி, பிடித்துத் தூக்கினால் எங்கள் கால்கள் வழுக்கின. இன்டர்செப்டரும் இருநூறு கிலோவுக்கு மேல். காலை நாலரை மணிக்கு அந்தத் தெருவில் என் வண்டி விழுந்தால் தூக்கிவிட யார் வருவார்கள் என்று யோசித்துப் பார்த்தேன்.

வாங்கியது ஹோண்டா சி.ஜி. 125. 1999-ல் செய்த வண்டி, மூன்றாவது கை. பெயரைச் சொன்னால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். ஆனால் நீங்கள் பார்த்தால் குனிந்து உட்கார்ந்துவிடுவீர்கள் அப்பா. இதை எழுபதுகளில் வடிவமைத்தபோது, ஆயில் மாற்றாமல், கவனிக்காமல் ஓட்டுகிறவர்கள் கையிலும் தாங்க வேண்டும் என்றே யோசித்திருக்கிறார்கள். அதற்காக, வால்வைக் கம்பியால் தள்ளித் திறக்கும் அந்தக் காலத்துப் புஷ்ராட் இன்ஜினையே வைத்தார்கள், நம் புல்லட்டில் இருந்த மாதிரி. சங்கிலி வெளியிலேயே தெரியாது. முழுக்க ஒரு தகரப் பெட்டிக்குள் ஓடுகிறது. உப்புத் தண்ணீர் உள்ளே போக வழியில்லை. நான் மயங்கியது அந்தச் சங்கிலிப் பெட்டியில்தான். கிக்கரும் இருக்கிறது. முதல் நாள் காலை சோக்கை இழுத்து இரண்டே மிதியில் கிளம்பியது. தெருவே உறங்கும்போது அது மட்டும் மெதுவாகப் பேசிக்கொண்டு நின்றது. அன்றைக்கு வேலைக்குப் பன்னிரண்டு நிமிஷத்தில் போய்விட்டேன்.

மேல்மாடிக்காரரைப் பற்றிச் சொல்லாமல் விடக் கூடாது. எழுபது வயதுக்கு மேல் இருக்கும். நான் வணக்கம் சொன்னால் பதில் சொல்ல மாட்டார், படியில் எதிரே வந்தால் சுவரைப் பார்த்துக்கொண்டு போவார். முதல் வருஷம் முழுக்க அவருக்கு என்னைப் பிடிக்காது என்றே நினைத்திருந்தேன். வண்டி வந்த மறுநாள் காலை, அதன் இருக்கையில் துணி கிளிப்பால் ஒரு சின்னச் சீட்டு மாட்டியிருந்தது. "சங்கிலி தளர்ந்திருக்கிறது. பெட்டியின் ரப்பர் மூடியைத் திறந்து பார். இரண்டு விரல் அளவு ஆடினால் போதும்." கீழே பெயர்கூட இல்லை. பார்த்தேன். உண்மையாகவே தளர்ந்துதான் இருந்தது. அதற்கப்புறம் வாரம் ஒன்றாவது வந்துவிடும். "உப்பை வெந்நீர் ஊற்றிக் கழுவாதே, சூட்டில் அரிப்பு வேகமாகும். பச்சைத் தண்ணீர் போதும்." "முன் டயரில் காற்று குறைவு." ஒரு நாள் காலை மூன்றே வார்த்தை: "இன்று பனிக்கட்டி. வேண்டாம்." அன்றைக்கு நடந்தே போனேன். வழியில் விழுந்து கிடந்த வண்டிகள் இரண்டைப் பார்த்தேன். நாலு மணிக்கே எழுந்து, கீழே இறங்கித் தெருவைக் காலால் தேய்த்துப் பார்த்துவிட்டு எழுதியிருக்க வேண்டும். நன்றி என்று எழுதி நானும் ஒரு சீட்டை அவர் கதவிடுக்கில் சொருகிவிட்டு வந்தேன். மறுநாள் படியில் பார்த்தபோது வழக்கம் போலச் சுவரைப் பார்த்துக்கொண்டு போனார். எனக்கு அவரை ரொம்பப் பிடித்திருக்கிறது அப்பா. இந்த ஒரு மாதத்தில் எனக்கென்று ஒருவர் கைப்பட எழுதியது என்றால் அவருடைய சீட்டுகள், அப்புறம் உங்கள் கடிதம். இரண்டையும் ஒரே இடத்தில்தான் வைத்திருக்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை ஜன்னலைச் சாத்திவிட்டுப் படுத்திருந்தேன். தெருவில் தூரத்தில் ஒரு ஒற்றை சிலிண்டர் சத்தம். தட், தட், தட் என்று நிதானமாக. என்ன ஏது என்று தெரியாமலேயே எழுந்து ஓடி ஜன்னலைத் திறந்துவிட்டேன். வேறு ஏதோ வண்டி, முனையில் திரும்பிப் போய்விட்டது. குளிர் உள்ளே வந்து அறை முழுக்க நிறைந்த பிறகும் சாத்தத் தோன்றவில்லை.

நீங்கள் ஞாயிற்றுக்கிழமை புல்லட்டை ஸ்டார்ட் செய்வது எனக்கு ஒவ்வொன்றாக நினைவிருக்கிறது. சாவியைத் திருப்பி, ஆம்பியர் மீட்டர் முள் நடுவுக்கு வரும்வரை கிக்கரை மெதுவாக அழுத்துவீர்கள். இன்ஜினுக்குள் இருக்கும் அழுத்தத்தை விடுவிக்கும் அந்த டீகம்ப்ரஸரை இழுத்துப் பிடித்து இன்னும் ஒரு விரற்கடை தள்ளுவீர்கள். காலை எடுத்துவிட்டு, அப்புறம் ஒரே மிதி. முள்ளைப் பார்த்துச் சொல்ல வேண்டிய வேலை எனக்கு. "வந்துருச்சுப்பா" என்று நான் சொன்ன பிறகுதான் மிதிப்பீர்கள். கியர் வலது பக்கம், பிரேக் இடது பக்கம், குதிகாலால் ஒரு தட்டு தட்டினால் நியூட்ரல். இங்கிலாந்தின் ரெட்டிச்சில் பிறந்து, 1955-ல் மெட்ராஸுக்கு வந்து ராணுவத்துக்காகப் பாகம் பாகமாகப் பூட்டப்பட்ட வண்டி என்று நீங்கள் சொல்லச் சொல்ல, அதை நம் குடும்பக் கதையாகவே நினைத்துக்கொண்டிருந்தேன்.

சின்னவன் பிறந்த வருஷம் அதை விற்றீர்கள். வாங்க வந்தவருக்கு மிதிக்கத் தெரியவில்லை, கிக்கர் திருப்பி அடித்து முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். நீங்கள்தான் போய், அவர் கையை டீகம்ப்ரஸர் மேல் வைத்து, முள்ளைக் காட்டிப் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தீர்கள். முள்ளைப் பார்க்க அன்றைக்கு என்னைக் கூப்பிட்டீர்கள். நான் வரவில்லை. ஸ்ப்லெண்டர் வீட்டுக்கு வந்த அன்று, "உங்களுக்குப் புல்லட் ஓட்டப் பயம், அதான் இந்தக் கொசு வண்டி" என்று எல்லார் முன்னாலும் கத்தினேன். ஒரு மாதம் அதில் ஏற மாட்டேன் என்று பள்ளிக்கூடத்துக்கு நடந்தே போனேன். நீங்கள் ஒரு வார்த்தை பதில் சொல்லவில்லை.

அந்தக் கொசு வண்டியில்தான் அக்காவை டியூஷனுக்குக் கூட்டிப் போனீர்கள். சின்னவனுக்கு வலிப்பு வந்த ராத்திரி அம்மா அவனை மடியில் போட்டுக்கொண்டு பின்னால் உட்கார்ந்து போனதும் அதில்தான். மிதித்த முதல் மிதியில் கிளம்பியது, நான் வாசலில் நின்று பார்த்தேன். அன்றைக்கு முள்ளைப் பார்த்துக்கொண்டிருக்க நேரம் ஏது? இதெல்லாம் எனக்கு அப்போதே தெரிந்துதான் இருந்தது. ஆனால் கையில் எடுத்த பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கடையிலிருந்து வெளியே வந்த அன்றுதான், நீங்கள் அந்த ஆளுக்குச் சாவியைக் கொடுத்தபோது உங்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று தெரிந்தது. அன்றைக்கு அப்படிப் பேசியது தப்பு அப்பா. மன்னித்துவிடுங்கள். போனில் சொல்லத்தான் நினைத்தேன், வரவில்லை.

சின்னவன் விஷயம். வேலைக்குப் போய் ஆறு மாதம் ஆகவில்லை, புல்லட்தான் வேண்டும் என்று நிற்கிறான் என்று எழுதியிருந்தீர்கள். என் பேச்சைக் கேட்பான் என்று நினைக்கிறீர்கள், கேட்பானா தெரியாது. அவனிடம் வேண்டாம் என்று சொல்லாதீர்கள். ஒரு மாதம் தினமும் எத்தனை கிலோமீட்டர் ஓட்டுகிறான், எவ்வளவு நேரம் நெரிசலில் நிற்கிறான், பின்னால் யார் உட்காருகிறார்கள் என்று எழுதி வைக்கச் சொல்லுங்கள். நான் அப்படித்தான் எழுதினேன். அதற்கு மேலும் வேண்டும் என்றால் வாங்கட்டும், ஆனால் முழுக்கக் கடனில் வேண்டாம். பாதியாவது கையில் சேர்ந்த பிறகு வாங்கட்டும். அதுவரை ஸ்ப்லெண்டரை ஓட்டட்டும். இப்போது வருகிற புல்லட்டில் பட்டன் ஸ்டார்ட், கியர் இடது பக்கம், அவனுக்கு நீங்கள் எதுவும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்காது. இருந்தாலும் வாங்கும் அன்றைக்கு நீங்கள் கூடப் போங்கள். முதலில் நீங்கள் ஓட்டிப் பாருங்கள்.

அம்மாவின் கண் ஆபரேஷனைத் தள்ளிப்போட வேண்டாம். அடுத்த மாதம் டாக்டர் தேதி கொடுத்தால் செய்துவிடுங்கள், அக்காவை வந்து ஒரு வாரம் கூட இருக்கச் சொல்லுங்கள். மாப்பிள்ளைக்குக் கொடுத்த பணத்தைப் பற்றி இப்போது அவளிடம் பேச்செடுக்க வேண்டாம், நான் பார்த்துக்கொள்கிறேன். இந்த மாதப் பணம் பதினைந்தாம் தேதிக்கு மேல்தான் வரும். வேலை நேரத்தைக் கொஞ்சம் மாற்றியிருக்கிறார்கள், அவ்வளவுதான், வேறு ஒன்றும் இல்லை. மழைக்கு முன்னால் பின்கட்டு ஓடுகளை மாற்றிவிடுங்கள், அதற்குத் தனியாக அனுப்பப் பார்க்கிறேன்.

இந்த வருஷம் ஊருக்கு வர முடியாது. அம்மாவிடம் நானே சொல்கிறேன், நீங்கள் சொல்ல வேண்டாம்.

சித்தப்பா வேலி விஷயத்தில் கேட்கிற அந்த இரண்டடியை விட்டுக்கொடுத்துவிடலாம் என்றுதான் எனக்கும் படுகிறது. பேசி முடித்துவிடுங்கள். பத்திரத்தை அனுப்பும்போது நான் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தையெல்லாம் பென்சிலால் குறித்து அனுப்புங்கள். போன தடவை ஒரு பக்கம் விட்டுப்போய்த் திரும்ப அனுப்ப வேண்டியதாகிவிட்டது.

தங்கள் அன்பு மகன்

பி.கு.: காதை மூடிக்கொண்டுதான் போகிறேன் என்று அம்மாவிடம் சொல்லுங்கள். ஹெல்மெட்டுக்குள் அவள் பின்னிக் கொடுத்த குல்லாய்.