‘இயற்கை ஹார்மோன்’ என்ற முத்திரையை நம்பி மாத்திரையை மாற்றலாமா?

ஆசிரியருக்கு,

வணக்கம். மாதவிடாய் நிற்கும் வயதில் இருக்கும் பெண்களைக் குறிவைத்து வரும் விளம்பரங்களில் ‘இயற்கை ஹார்மோன்’ என்ற பெயர் இப்போது அடிக்கடி கண்ணில் படுகிறது. இயற்கை என்றால் பக்கவிளைவே கிடையாது, செயற்கை என்றால் புற்றுநோய் நிச்சயம் என்கிற தோரணை. இதை நம்பி, டாக்டர் எழுதித் தந்த மாத்திரையைப் பாதியில் நிறுத்திவிட்டு ஆன்லைனில் க்ரீம் வாங்கித் தடவுகிறவர்கள் இருக்கிறார்கள்.

ஒரு ஹார்மோன் மருந்தை எதிலிருந்து எடுத்தார்கள் என்பது பெரிய விஷயமே அல்ல. நம் உடம்பு சுரக்கும் அதே மூலக்கூறா, எந்த வழியாக உள்ளே போகிறது, எத்தனை மில்லிகிராம் என்றுதான் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் 1942 முதல் விற்கப்படும் பிரெமரின், சினைக் குதிரையின் மூத்திரத்திலிருந்து எடுத்த ஈஸ்ட்ரோஜன் (பெண் ஹார்மோன்) கலவை. இதைவிட இயற்கையான சரக்கு வேறு வேண்டுமா? ஆனால் அதில் கணிசமான பங்கு, மனிதப் பெண்ணின் உடம்பு அறியாத குதிரை ஹார்மோன்கள். மறுபக்கம், தைராய்டுக்காக லட்சக்கணக்கான பெண்கள் தினமும் விழுங்கும் லெவோதைராக்ஸின் முழுக்க முழுக்கத் தொழிற்சாலைத் தயாரிப்பு. ஆனால் நம் தைராய்டு சுரப்பதற்கும் அதற்கும் மூலக்கூறில் அணுவளவும் வித்தியாசம் இல்லை.

இன்னொரு பெண் ஹார்மோனான புரோஜெஸ்டிரோனும் அப்படித்தான்; ‘இயற்கை புரோஜெஸ்டிரோன்’ என்று பெட்டியில் அச்சிட்டு வருவதும் ஆலையில் செய்ததுதான். 1940-களில் ரஸ்ஸல் மார்க்கர் என்ற அமெரிக்க வேதியியலாளர், மெக்சிகோவின் காட்டு வள்ளிக்கிழங்கில் உள்ள டயோஸ்ஜெனின் என்ற பொருளைப் படிப்படியாக மாற்றி புரோஜெஸ்டிரோன் தயாரித்துக் காட்டினார். அந்த மாற்றங்கள் ஆய்வகத்துக் குடுவையில் மட்டுமே நடக்கும். அதற்கான நொதி மனித உடம்பில் இல்லை. எனவே வள்ளிக்கிழங்குச் சாறு கலந்த க்ரீமை எத்தனை மாதம் தடவினாலும் ஒரு துளி புரோஜெஸ்டிரோனும் உண்டாகாது. மாத்திரையை விட்டுவிட்டு இதை நம்புகிறவர் உண்மையில் எந்த மருந்தும் எடுக்காமல் இருக்கிறார்.

நம் ஊரில் அதிகம் புழங்குவதும், அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதும் நோரெதிஸ்டிரோன் என்ற செயற்கை ஹார்மோன். கல்யாணம், கோயில் திருவிழா, புதுமனைப் புகுவிழா என்று வந்துவிட்டால் மெடிக்கல் ஷாப்பில் சீட்டே இல்லாமல் கேட்டு வாங்கும் ‘தள்ளிப்போடும் மாத்திரை’ அதுதான். 5 மில்லிகிராம் மாத்திரையை நாளைக்கு மூன்று வேளை, மாதவிலக்கு எதிர்பார்க்கும் நாளுக்கு மூன்று நாள் முன்பே தொடங்க வேண்டும். நிறுத்திய இரண்டு மூன்று நாளில் தீட்டு வரும். வர வேண்டிய நாளன்று காலையில் தொடங்கினாலோ, பந்தி பரிமாறும் மும்முரத்தில் ஒரு வேளையை மறந்தாலோ சொட்டுச் சொட்டாகப் படத்தான் செய்யும். உடனே இரண்டு மாத்திரையைச் சேர்த்து விழுங்குவது சரியல்ல. 14 நாளைத் தாண்டி இழுப்பதும் சரியல்ல. இப்படி எடுக்கும்போது இது கருத்தடை மாத்திரையும் ஆகாது.

பெட்டியில் பளிச்சென்று தெரியாத சங்கதி ஒன்று உண்டு. நோரெதிஸ்டிரோனில் ஒரு சிறு பங்கு உடம்புக்குள் எத்தினைல் ஈஸ்ட்ரடையோல் என்ற செயற்கை ஈஸ்ட்ரோஜனாக மாறுகிறது. நாளைக்கு 10 முதல் 20 மில்லிகிராம் எடுத்தால் அது 20 முதல் 30 மைக்ரோகிராமுக்குச் சமம். அரசு இலவசமாகத் தரும் மாலா-என் கருத்தடை மாத்திரையில் இருப்பதும் 30 மைக்ரோகிராம்தான். ஆகவே காலிலோ நுரையீரலிலோ ரத்தம் உறைந்த வரலாறு உள்ளவர்கள், கண்ணில் மின்னல் வெட்டிய பிறகு வரும் ஒற்றைத் தலைவலிக்காரர்கள், பக்கவாதம் வந்தவர்கள் ஆகியோர் கருத்தடை மாத்திரையை எப்படித் தவிர்ப்பார்களோ அப்படியே இதையும் தவிர்க்க வேண்டும். மாத்திரை போட்டுக்கொண்டு இரவு முழுக்கப் பேருந்தில் உட்கார்ந்தே யாத்திரை போகிறவர்களுக்கும் இது பொருந்தும். தீட்டைத் தள்ளிப்போட்டே ஆக வேண்டும் என்றால் மெட்ராக்ஸிபுரோஜெஸ்டிரோன் என்ற இன்னொரு செயற்கை ஹார்மோனுக்கு இந்த மாற்றம் கிடையாது; ஆனால் அதையும் டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும்.

அசல் புரோஜெஸ்டிரோனுக்கும் தனிக் குணங்கள் உண்டு. வாய்வழியாக விழுங்கினால் பெரும்பகுதியைக் கல்லீரல் சிதைத்துவிடும். ரத்தத்தில் சேர்வது பத்தில் ஒரு பங்குகூட இல்லை. சிதைவில் உண்டாகும் அலோப்ரெக்னனலோன் மூளையை அமைதிப்படுத்தும், தூக்கம் சொக்கும். 200 மில்லிகிராம் கேப்சூலைக் காலையில் போட்டுக்கொண்டு ஸ்கூட்டர் ஓட்டுவது ஆபத்து. படுக்கப் போகும்போதுதான் போட வேண்டும். சில நிறுவனங்களின் கேப்சூலில் கடலை எண்ணெய் இருக்கும், வேர்க்கடலை ஒவ்வாமை உள்ளவர்கள் உறையைப் படித்துப் பார்க்கட்டும். அதே கேப்சூலைப் பிறப்புறுப்பில் வைக்கச் சொல்லியிருந்தால், காலையில் எண்ணெய்ப் பசையாக வெளியேறுவதைப் பார்த்து மருந்தே வீணாகிவிட்டது என்று இன்னொன்றை வைக்க வேண்டாம். கசிவது பெரும்பாலும் எண்ணெயும் உறையும்தான்.

கர்ப்பத்தில் என்ன பயன்? 2019-ல் வெளியான பிரிட்டன் ஆய்வில், தொடக்கத்தில் ரத்தம் பட்ட 4,153 கர்ப்பிணிகளில் ஒரு பாதிப் பேருக்கு 400 மில்லிகிராம் புரோஜெஸ்டிரோனும் மறுபாதிக்குப் போலி மருந்தும் இரு வேளை வைத்துப் பார்த்தார்கள். மொத்தமாகப் பார்த்தால் குறிப்பிடத்தக்க பலன் இல்லை. முன்பு மூன்று முறையோ அதற்கு மேலோ கரு கலைந்தவர்களிடம் மட்டும் குழந்தை பிறப்பு போலி மருந்தில் 57 சதவீதமாகவும் புரோஜெஸ்டிரோனில் 72 சதவீதமாகவும் இருந்தது. ரத்தமும் படாமல், முன்பு கருச்சிதைவும் இல்லாமல், ‘சும்மா ஒரு பாதுகாப்புக்கு’ என்று மூன்று மாதம் தருவதற்கு அந்த ஆய்வில் ஆதாரம் இல்லை. வாராவாரம் இடுப்பில் போடும் ஹைட்ராக்ஸிபுரோஜெஸ்டிரோன் கேப்ரோயேட் ஊசி வேறு மருந்து. அது இயற்கை புரோஜெஸ்டிரோன் அல்ல. குறைப்பிரசவத்தைத் தடுக்கும் என்பது உறுதியாகாததால் 2023-ல் அமெரிக்கா அதன் அனுமதியை விலக்கிக்கொண்டது.

புரோஜெஸ்டிரோனைப் போல வேலை செய்யும் செயற்கை மருந்தான டைட்ரோஜெஸ்டிரோன் எடுப்பவர்களுக்கு ஒரு குறிப்பு: புரோஜெஸ்டிரோன் ரத்தப் பரிசோதனையில் இந்த மருந்து தெரியாது. ரிப்போர்ட்டில் எண் குறைவாக இருக்கிறதே என்று பதறி அளவைக் கூட்ட வேண்டாம்.

மாதவிடாய் நின்ற பிறகு எடுக்கும் ஹார்மோன் மீதான பயம் 2002-ல் தொடங்கியது. குதிரை ஈஸ்ட்ரோஜன் 0.625 மில்லிகிராமுடன் மெட்ராக்ஸிபுரோஜெஸ்டிரோன் 2.5 மில்லிகிராம் சேர்த்து 16,608 அமெரிக்கப் பெண்களிடம் நடந்த ஆய்வைப் பாதியில் நிறுத்தினார்கள். 10,000 பேர் ஓராண்டு எடுத்தால் கூடுதலாக 8 பேருக்கு மார்பகப் புற்றுநோய், 8 பேருக்குப் பக்கவாதம். அதில் சேர்ந்தவர்களின் சராசரி வயது 63 என்பதைப் பலரும் சொல்ல மறந்துவிட்டார்கள். கருப்பை எடுத்தவர்களுக்கு ஈஸ்ட்ரோஜன் மட்டும் கொடுத்த இன்னொரு பிரிவில் மார்பகப் புற்றுநோய் கூடவில்லை. பிரான்சில் 80,000-க்கும் மேற்பட்ட பெண்களைத் தொடர்ந்து கவனித்ததில், அசல் புரோஜெஸ்டிரோன் சேர்த்தவர்களிடம் தொடக்க ஆண்டுகளில் மார்பகப் புற்றுநோய் கூடுதலாகத் தெரியவில்லை. நீண்ட காலம் எடுத்தவர்களிடம் பிறகு சிறிதளவு தெரிந்தது. இயற்கை மூலக்கூறு மேலானதாக இருக்கலாம், ஆனால் அபாயமே இல்லாதது அல்ல.

கருப்பை உள்ள பெண், உடலெங்கும் சேரும் ஈஸ்ட்ரோஜனை மட்டும் தனியாக எடுக்கவே கூடாது. 1995-ல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், மூன்று ஆண்டு அப்படி எடுத்தவர்களில் 34 சதவீதம் பேருக்குக் கருப்பை உள்சுவர் புற்றுநோய்க்கு முந்தைய நிலைவரை தடித்தது. மாதத்தில் 12 இரவு 200 மில்லிகிராம் புரோஜெஸ்டிரோன் சேர்த்தவர்களிடம் அந்த நிலை ஏறக்குறைய வரவே இல்லை. கடையில் விற்கும் புரோஜெஸ்டிரோன் க்ரீமை இந்தப் பாதுகாப்புக்கு நம்ப முடியாது.

ஈஸ்ட்ரோஜன் வகையான ஈஸ்ட்ரடையோல் ஜெல்லோ தோலில் ஒட்டும் பட்டையோ தோல்வழி நேரே ரத்தத்தில் சேர்வதால், கல்லீரல் வழியாகப் போகும் மாத்திரையைவிட ரத்த உறைவு பயம் குறைவு. ஜெல்லைக் கையிலோ தொடையிலோ பரப்பிக் காயவிட வேண்டும், மார்பில் தடவக் கூடாது. தடவிய ஒரு மணி நேரம் அந்த இடத்தைக் கழுவவும் வேண்டாம், பேரப்பிள்ளையைத் தூக்கி வைத்துக்கொள்ளவும் வேண்டாம்.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். ‘இயற்கை ஹார்மோன்’ விளம்பரத்தை வெளியிடும்போது மருந்தின் பொதுப்பெயரையும் மில்லிகிராம் அளவையும் சேர்த்து அச்சிடுமாறு விளம்பரதாரரைக் கேளுங்கள். டாக்டர்களும் சீட்டில் பொதுப்பெயரைத் தெளிவான பெரிய எழுத்தில் எழுதட்டும். டைட்ரோஜெஸ்டிரோன் 10 மில்லிகிராம் ஸ்டாக் இல்லையென்று புரோஜெஸ்டிரோன் 200-ஐ எடுத்து நீட்டி, ‘எல்லாம் ஒன்றுதான்மா’ என்று கடைக்காரர் சொன்னால், வாங்காமல் டாக்டருக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
மருந்தியல் ஆசிரியர் ஒருவர்,
மதுரை