சிகரெட் பேப்பர் கொடுத்த அம்மாவுக்கும் மற்றவர்களுக்கும்

எய்ந்தோவன் தமிழ் நண்பர்களுக்கும், வீட்டாருக்கும், பெயர் கேட்க மறந்துபோன இன்னும் சிலருக்கும் வணக்கம்.

ஊர் திரும்பி ஒரு வாரமாகிறது. பார்க்கிறவர்களெல்லாம் "பெல்ஜியத்தில் கச்சேரி பண்ணினீங்களாமே?" என்று கேட்கிறார்கள். கச்சேரியெல்லாம் இல்லை. கிளாரினெட் என்ற ஊதுவாத்தியத்துக்கென்றே இருக்கும் சர்வதேச கிளாரினெட் சங்கம் வருடத்துக்கு ஒரு ஊரில் நடத்தும் திருவிழாவான கிளாரினெட்ஃபெஸ்ட், இந்த 2018-இல் ஜூலை 4 முதல் 8 வரை ஓஸ்டெண்டில் நடந்தது. பணம் கட்டிப் பதிந்துகொண்டு நானும் போனேன், அவ்வளவுதான். அந்த 'அவ்வளவுதான்' நடக்க எத்தனை பேர் கைகொடுத்தார்கள் என்று எண்ணிப் பார்த்தபோதுதான் இதை எழுத உட்கார்ந்தேன்.

முதலில் வீடு. 42 வயதில் ஒருவன் கிளாரினெட் கற்றுக்கொள்ளக் கிளம்பினால் அவதி அவனுக்கில்லை, கூட இருப்பவர்களுக்குத்தான். இந்த வாத்தியத்தில் கீழிருந்து மேலே தாண்டுகிற இடம் ஒன்று உண்டு. நடுவிலிருக்கும் 'ஏ' என்ற ஸ்வரம் வரை விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டே வருவோம். அடுத்து 'பி' வாசிக்க அத்தனை துளைகளையும் ஒரே நொடியில் மூட வேண்டும். ஒரு விரல் மயிரிழை விலகினால் போதும், வாத்து கத்தும். எங்கள் வீட்டில் மூன்று வருடமாக வாத்து கத்துகிறது. என் மனைவி ஒருநாளும் போதும் என்று சொன்னதில்லை. சமையலறைக் கதவை மட்டும் மெதுவாகச் சாத்திக்கொள்வாள். கீழ்வீட்டு டச்சுப் பாட்டி நான் ஆரம்பித்ததும் காது மெஷினைக் கழற்றி வைத்துவிடுவாராம். அதற்கும் நன்றி.

நான் இல்லாத சனிக்கிழமை பையனை நீச்சல் வகுப்புக்குக் கூட்டிப்போய், ஈரத் தலையோடு திருப்பிக் கொண்டுவந்து, சாப்பாடும் போட்டு அனுப்பிய குடும்பத்துக்கு நன்றி. நெதர்லாந்தில் நீச்சலின் முதல் சான்றிதழான 'ஏ' டிப்ளமாவுக்கு இருக்கும் மரியாதை தெரிந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய உதவி என்று புரியும்.

அப்புறம் எங்கள் ஹார்மனி. நாங்கள் இருக்கும் பிராபன்ட் மாகாணத்தில் ஊருக்கு ஊர் இப்படி ஒரு காற்று வாத்திய இசைக்குழு இருக்கும். பிளம்பர், டீச்சர், ரிட்டயர் ஆனவர் என்று எல்லோரும் வாரம் ஒருமுறை கூடி வாசிப்பார்கள். நான் அதில் மூன்றாம் கிளாரினெட். அதாவது யாருக்கும் அதிகம் கேட்காத இடம். "நீ போகணும்" என்று முதலில் சொன்னவர் எங்கள் குழுவைக் கையசைத்து நடத்துகிறவர். "அந்த பிளாஸ்டிக்கோடு போகாதே" என்று சொல்லித் தன் மர கிளாரினெட்டையே கையில் கொடுத்தவர் பக்கத்து நாற்காலிப் பெண்மணி. ஆப்பிரிக்கக் கருமரம், திடீரென்று சூடு குளிர் மாறினால் விரிசல் விடக்கூடியது. ரயிலில் ஆண்ட்வெர்ப், கென்ட் எல்லாம் தாண்டி ஓஸ்டெண்ட் வரை கைக்குழந்தை மாதிரி மடியிலேயே வைத்திருந்தேன்.

அங்கே விருப்பமுள்ளவர்கள் சேர்ந்து வாசிக்க ஒரு கூட்டு வாசிப்பு இருந்தது. குட்டி ஈ ஃபிளாட்டிலிருந்து ஆளுயரக் கான்ட்ராபேஸ் வரை எல்லாமே கிளாரினெட். பின்வரிசை பேஸ் கிளாரினெட்டுகள் ஒன்றாக ஊதினால் காதுக்கு முன்னால் உள்ளங்காலுக்குத்தான் தெரிகிறது. அந்த வாத்தியத்தைத் திருத்தி 1838-இல் காப்புரிமை வாங்கியவர், பிற்பாடு சாக்ஸஃபோன் செய்த அதே அடோல்ஃப் சாக்ஸ், இதே பெல்ஜியத்தின் தினான் ஊர்க்காரர். எத்தனாவது கிரேடு, யாரிடம் பாடம் என்று கேட்பார்கள், என்ன சொல்வது என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டே போயிருந்தேன். பக்கத்திலிருந்த அம்மா கேட்டது ஒன்றே ஒன்று: "பென்சில் இருக்கா?"

அவர்தான் அந்த அம்மா. எழுபது வயதிருக்கும். ஒத்திகை பாதியில் என் கிளாரினெட்டுக்குள் களக் களக் என்று தண்ணீர் கொப்பளிக்க ஆரம்பித்தது. இரவல் வாத்தியம் ஆயிற்றே, எனக்கு வேர்த்துவிட்டது. அவர் ஒன்றும் பேசாமல் பையிலிருந்து ஒரு சிகரெட் பேப்பரை உருவி, மேல்பகுதியில் துளையை மூடும் ஒரு சாவியைத் தூக்கி, அதன் அடியிலிருக்கும் பேடுக்கும் துளைக்கும் நடுவே செருகி, மெதுவாக அழுத்தினார். பேப்பர் நனைந்து வந்தது. இன்னொன்று, அதுவும் ஈரம். மூன்றாவது காய்ந்து வந்ததும் "இப்போ ஊது" என்றார். சத்தம் தெளிந்துவிட்டது. மிச்சத்தை அட்டையோடு என் சட்டைப் பையில் போட்டுவிட்டார்.

கண்காட்சிக் கூடம் தனி உலகம். ஆளுக்கொரு கிளாரினெட்டை எடுத்து ஆளுக்கொரு பாட்டை ஒரே நேரத்தில் வாசிப்பார்கள், சந்தைக்கடை தோற்றது. வாங்கமாட்டேன் என்று முகத்திலேயே எழுதியிருந்தும், அரைமணி நேரம் மவுத்பீஸ்களை மாற்றி மாற்றி ஊதவிட்ட கடைக்காரத் தம்பிக்கு நன்றி. நம் நாகஸ்வரக்காரர்கள் சீவாளியைப் பார்ப்பது போல ரீடை வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கச் சொல்லிக்கொடுத்ததும் அவர்தான்.

6ஆம் தேதி இரவு உலகக்கோப்பைக் காலிறுதி. பெல்ஜியம் பிரேசிலை 2-1 என்று ஜெயித்தது. பியர் மழையாகப் பெய்த அந்த பாரில், கேட்காமலேயே என் பெட்டியை வாங்கிக் கல்லாவுக்குப் பின்னால் உயர அலமாரியில் வைத்துக் காப்பாற்றிய முதலாளிக்குத் தனி நன்றி.

திருச்சியில் இருக்கும் அப்பாவுக்கு என்ன சொல்ல? ரேடியோவில் கிளாரினெட் வித்வான் ஏ.கே.சி. நடராஜன் வந்தால் வீட்டில் யாரும் பேசக்கூடாது என்று வைத்திருந்தவர். போனில் எல்லாம் சொல்லி முடித்ததும், "சரி, அங்க தோடி யாராவது வாசிச்சாங்களா?" என்றார். நான் போன இடத்தில் இல்லை அப்பா.

டச்சுக்காரர்களுக்கு இதையே டச்சில் எழுதித் தனியாகக் கொடுத்துவிட்டேன். கிளாரினெட் விரிசலில்லாமல் உரியவரிடம் சேர்ந்துவிட்டது. நேற்று துணி துவைக்கும்போது சட்டைப் பையில் சிகரெட் பேப்பர் அட்டை கிடைத்து, "இது எப்போதிலிருந்து?" என்று கேட்ட என் மனைவி, நான் சொன்ன முழுக் கதையையும் நம்பினாள். அதற்கும் சேர்த்து அவளுக்கு நன்றி.

அன்புடன்,
உங்கள் மூன்றாம் கிளாரினெட்