மருமகளும் பழத்தோலும்

தாண்டிக்குடி,
மார்கழி மாதம்

அன்புள்ள மங்கைக்கு,

உன் கடிதம் வந்து நாளாகிவிட்டது. பதில் எழுத இப்போதுதான் உட்கார முடிந்தது. இங்கே காப்பிப் பழம் எடுப்பு நடக்கிறது. ஆள் கிடைக்கிற நாளில் மழை, வெயில் அடிக்கிற நாளில் ஆள் இல்லை. இவர் காலையில் களத்துக்குப் போனால் இருட்டின பிறகுதான் வீட்டுக்கு வருகிறார். அண்ணனுக்குச் சர்க்கரை கொஞ்சம் இறங்கியிருக்கிறது என்று எழுதியிருந்தாய், கேட்டு நிம்மதியாக இருந்தது. உன் முழங்காலைப் பற்றி மட்டும் ஒரு வரிகூட இல்லை. வலி இருந்தால் எழுது, மறைக்காதே.

சரி, நீ கேட்ட கேள்விக்கு வருகிறேன். சத்தெல்லாம் தோலில்தான் இருக்கிறது என்று உன் மருமகள் எங்கோ படித்துவிட்டு, ஆப்பிளைச் சீவ விடுவதில்லை, ஆரஞ்சைத் தோலோடு மிக்சியில் போட்டு அடிக்கிறாள், இப்போது வாழைப்பழத்தோலுக்கும் வந்துவிட்டாள் என்கிறாய். "அவள் சொல்வது நிஜமா, என் வயிறு சொல்வது நிஜமா, நீதான் பழத்தோட்டத்துக்காரி, நீ சொல்" என்று முடித்திருந்தாய். படித்துவிட்டுச் சத்தமாகச் சிரித்துவிட்டேன். இரண்டும் நிஜம்தான். பாவம், அந்தப் பெண் உங்கள் மேல் அக்கறையில் செய்கிறாள், அதனால் முதலில் அவள் பக்கத்தைச் சொல்கிறேன்.

ஆப்பிள் விஷயத்தில் அவளை அடித்துக்கொள்ள முடியாது. நடுத்தர அளவு ஆப்பிளைத் தோலோடு தின்றால் 4 கிராமுக்கு மேல் நார்ச்சத்து கிடைக்கும். சீவிவிட்டால் ஏறக்குறையப் பாதிதான். நம்மைப் போன்றவர்களுக்கு நாளைக்கு 30 கிராம் வரை நார்ச்சத்து வேண்டும் என்று ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் சொல்கிறது. இட்லியும் வெள்ளைச் சோறும் தின்கிற வீட்டில் அதற்கு எங்கே போவது? மலச்சிக்கலுக்கு மாத்திரை போடுகிறவர்கள் முதலில் ஆப்பிள் சீவுகிற கத்தியைக் கீழே வைக்கலாம். அண்ணனுக்கும் ஜூஸைவிட முழுப் பழம்தான் நல்லது, நார் இருந்தால் சர்க்கரை ரத்தத்தில் நிதானமாக ஏறும். கொய்யா, பேரி, பிளம்ஸ், திராட்சை எல்லாம் இதே கணக்குத்தான். பிளம்ஸில் சிவப்பு நிறம் பெரும்பாலும் தோலில்தான் இருக்கிறது, அந்த நிறத்தைத் தருகிற ஆந்தோசயனின்தான் உடம்புக்கு நல்லது என்று சொல்லப்படும் சரக்கு. ஆப்பிள் தோலில் அதே மாதிரி குவெர்செட்டின் என்று ஒரு சரக்கு, சதையைவிட அங்கேதான் அதிகம்.

ஏன் எல்லாம் தோலில் போய்ச் சேருகிறது என்று தோட்டத்தில் நின்று பார்த்தால் புரியும். வெயில், பூச்சி, பூஞ்சணம் எல்லாவற்றையும் முதலில் தாங்குவது தோல். அதனால் மரம் தன் காவல் சரக்கையெல்லாம் அங்கேதான் குவித்து வைக்கிறது. கசப்பும் துவர்ப்பும் அங்கே இருப்பதற்கும் அதுதான் காரணம். நாம் அடிக்கிற மருந்தும் முதலில் போய் உட்காருவது அதே தோலில்தான். உன் மருமகள் படித்த கட்டுரைக்காரர் இந்தக் கடைசி விஷயத்தை எழுத மறந்துவிட்டார் போல.

ஆரஞ்சுக்கு வா. 100 கிராம் ஆரஞ்சுச் சுளையில் வைட்டமின் சி 53 மில்லிகிராம், 100 கிராம் தோலில் 136 மில்லிகிராம். இந்தக் கணக்கைத்தான் எல்லோரும் தூக்கிக்கொண்டு ஓடி வருகிறார்கள். கணக்கு சரிதான். ஆனால் 100 கிராம் ஆரஞ்சுத் தோலை யாரடி தின்பார்கள்? ஒரு பெரிய ஸ்பூன் துருவல் போட்டால் 8 மில்லிகிராம் வரும், அவ்வளவுதான். ஒரு கொய்யாப்பழம் தின்றால் அதைப் போலப் பல மடங்கு கிடைக்கும், கசக்கவும் கசக்காது.

கொழுப்பைக் குறைக்கும் என்கிற பேச்சும் சும்மா வந்ததல்ல. கமலா வகைத் தோலில் டாஞ்செரிட்டின், நோபிலெட்டின் என்று சில பொருள்கள் இருக்கின்றன. அவற்றைப் பிரித்தெடுத்து ஹாம்ஸ்டர் என்கிற எலி வகைக்குக் கொடுத்துப் பார்த்ததில் கெட்ட கொழுப்பு நன்றாகக் குறைந்தது என்று 2004இல் ஓர் ஆய்வு வந்தது. எலிக்குத்தான் குறைந்தது, அதுவும் பிரித்தெடுத்த சத்துக்கு. அதற்கு முன்னால், 2000இல், அமெரிக்காவில் அரிசோனாப் பக்கத்து வயதானவர்களை விசாரித்த இன்னோர் ஆய்வு. ஆரஞ்சு, எலுமிச்சைத் தோலைச் சாப்பாட்டில் சேர்த்துக்கொள்கிறவர்களுக்கு ஒரு வகைத் தோல் புற்றுநோய் குறைவாக இருந்ததாம். இதைப் படித்துவிட்டுத்தான் "புற்றுநோய்க்கு மருந்து ஆரஞ்சுத் தோல்" என்று கிளப்பிவிட்டார்கள். தோல் தின்கிறவர்கள் வேறு என்னென்ன தின்றார்களோ, எப்படி வாழ்ந்தார்களோ. கேள்வி கேட்டு எழுதிக்கொண்டதை வைத்து மருந்து என்று சொல்லிவிட முடியாது. தோலில் நார் இருக்கிறது, குடலுக்கு நல்லது என்று சொன்னால் நான் முழுசாக ஒப்புக்கொள்வேன். அதற்கு மேல் சொல்வதையெல்லாம் பாதி காதில் வாங்கினால் போதும்.

எனக்கு ஒன்றுதான் வேடிக்கையாக இருக்கிறது. தோல் தின்பது ஏதோ புதுக் கண்டுபிடிப்பு மாதிரி பேசுகிறார்கள். பீர்க்கங்காய்த் தோல் துவையல் இல்லாமல் உங்கள் அம்மா ஒரு வாரம் ஓட்டியிருப்பார்களா? இங்கே சௌசௌத் தோலையும் வாழைக்காய்த் தோலையும் யாரும் கீழே போடுவதில்லை. மாவடுவைத் தோல் உரித்தா போடுகிறோம்? எலுமிச்சை ஊறுகாயில் பாதிக்கு மேல் தோல்தான். நாரத்தங்காயைத் தோலுக்காகவே வாங்குகிறோம்.

எங்கள் அத்தை இருந்தவரை உப்பு நாரத்தங்காய் அவர்கள் கையால்தான். காயைத் துண்டு போடாமல், ஒரே சுருளாக வருகிற மாதிரி அறுத்து, உள்ளே கல் உப்பை அடைத்து, பீங்கான் ஜாடியில் போட்டு வைப்பார்கள். தினமும் ஒரு தடவை குலுக்கி விட வேண்டும். தோல் தண்ணீர் விட்டு நிறம் மாறின பிறகு காப்பிக் களத்து ஓரத்தில் தட்டில் காய வைப்பார்கள், சாயங்காலம் திரும்ப அந்த உப்புத் தண்ணீரிலேயே போட்டுவிடுவார்கள். தண்ணீர் வற்றும்வரை இதே வேலை. பனிமூட்டம் இறங்கிவிட்டால் அடுப்பு மேல் பரணுக்குப் போகும். கடைசியில் கல் மாதிரி காய்ந்த சுருளில் ஒரு துணுக்கை மோர்சோற்றோடு கடித்தால் போதும், காய்ச்சல்காரனுக்கும் நாக்கில் ருசி வந்துவிடும். கசப்பை எடுக்க உப்பும் வெயிலும் நாளும் வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. மிக்சியில் ஒரு நிமிடம் அடித்தால் கசப்பு எங்கே போகும்? (உனக்குப் பிரஷர் இருக்கிறது, உப்பு நாரத்தங்காய் கேட்டு எழுதாதே. அனுப்ப மாட்டேன்.)

ஆரஞ்சுத் தோலில் நான் செய்கிற தொக்கைச் சொல்கிறேன், உன் மருமகளிடம் கொடு. கமலாத் தோலைப் பொடியாக நறுக்கி, வெந்நீரில் ஒரு கொதி விட்டு அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். கசப்பு பிடிக்காவிட்டால் இன்னொரு தடவை. வைட்டமின் சி கொஞ்சம் அதோடு போய்விடும், போகட்டும், அதற்குச் சுளை இருக்கிறது. நல்லெண்ணெயில் கடுகு, வெந்தயம், பெருங்காயம் தாளித்து, தோலை வதக்கி, கெட்டியான புளிக்கரைசல், மிளகாய்த்தூள், மஞ்சள், உப்பு போட்டு எண்ணெய் பிரியும்வரை கிளறி, கடைசியில் ஒரு துண்டு வெல்லம். உள்பக்கத்து வெள்ளையை முழுக்கச் சுரண்டிவிடாதே. பெக்டின் என்கிற நார் அதில்தான் இருக்கிறது, ஜாம் கம்பெனிக்காரர்கள் ஜாமை இறுக்க வாங்குவதே ஆரஞ்சு, எலுமிச்சைத் தோலிலிருந்து எடுத்த அதைத்தான்.

இதெல்லாம் எங்கள் மரத்துப் பழத்துக்கு. மதுரைக் கடையில் வாங்குகிற பழத்துக்கு நான் இவ்வளவு தைரியமாகச் சொல்ல மாட்டேன். எங்கள் தோட்டத்திலேயே சில்வர் ஓக் மரத்தில் ஏற்றின மிளகுக் கொடிக்கு வாடல் வராமல் இருக்க, மழைக்கு முன்னால் போர்டோ கலவை அடிக்கிறோம், மயில்துத்தமும் சுண்ணாம்பும். கீழே நிற்கிற ஆரஞ்சின் பிஞ்சிலும் இலையிலும் அந்த நீலம் படிந்திருக்கும். மழை கழுவிவிடும், பழுக்கும்போது இருக்காது. ஆனால் எல்லா மருந்தும் நீலமாகவா தெரிகிறது? காய் நோக்கி அடிக்கிற பூச்சிமருந்துக்கு நிறமும் இல்லை, சிலதுக்கு வாசனையும் இல்லை. பறிப்பதற்கு எத்தனை நாள் முன்னால் நிறுத்த வேண்டும் என்று டப்பாவில் எழுதியிருக்கும். விலை ஏறிக் கிடக்கிற வாரத்தில் அதைப் படிக்க யாருக்குப் பொறுமை, சொல்.

ஆப்பிள் பளபளவென்று இருந்தால் அது பெரும்பாலும் பூசின மெழுகு. தேன்மெழுகு, கார்னாபா மெழுகு, அரக்கு மெழுகு பூசச் சட்டமே அனுமதிக்கிறது, அந்த மெழுகு வயிற்றைக் கெடுக்காது. ஆனால் அதற்கு அடியில் மாட்டிக்கொண்ட மருந்து வெறும் தண்ணீரில் போகாது. 2017இல் அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்துக்காரர்கள் ஆப்பிளில் இரண்டு மருந்தைத் தடவி, கழுவிப் பார்த்தார்கள். வெறும் தண்ணீரையும் குளோரின் தண்ணீரையும்விட நம் ஆப்ப சோடாதான் ஜெயித்தது. ஒரு லிட்டர் தண்ணீருக்கு 10 கிராம் சோடா, கால் மணி நேரம் ஊற வைத்தால் மேல்தோலில் இருந்ததில் பெரும்பகுதி போய்விட்டது. தோலுக்குள் ஊறிப்போன பங்கு மட்டும் போகவில்லை. அது சீவினால்தான் போகும். அதனால் உன் வீட்டுக்கு என் தீர்ப்பு: ஆப்பிளைச் சோடாத் தண்ணீரில் ஊற வைத்து, நல்ல தண்ணீரில் தேய்த்துக் கழுவித் தோலோடு தின்னுங்கள். எங்கிருந்து வந்தது என்று தெரியாத ஆரஞ்சின் தோலைக் குப்பையில் போடு. மனசு கேட்கவில்லை என்றால் காயவைத்துப் பொடி செய்து முகத்துக்குப் பூசிக்கொள், நாம் ஹாஸ்டலில் பூசினது போல.

வாழைப்பழத்தோல் விஷம் ஒன்றும் இல்லை, ஆனால் மாடுகூட அதை யோசித்துத்தான் தின்கிறது. விட்டுவிடச் சொல். மாம்பழத்தோலில் கவனம் வேண்டும், காம்புப் பால் பட்டு உனக்கு உதடு வெந்துபோனது ஞாபகம் இருக்கிறதா? முந்திரிக் கொட்டைச் சாற்றில் இருப்பதற்குச் சொந்தக்காரச் சரக்கு அதிலும் இருக்கிறது. சிலருக்கு ஒத்துக்கொள்ளாது, உனக்கு ஒத்துக்கொள்ளாது. நான் அனுப்புகிற மரத்தக்காளியின் தோல் ஒரே கசப்பு, வெந்நீரில் முக்கி உரித்துவிட வேண்டும். பட்டர் ப்ரூட் தோலையும் சேர்த்து அடித்துவிடப் போகிறாள், முன்கூட்டியே சொல்லி வை.

அப்புறம், இது முக்கியம். அண்ணன் கொழுப்புக்கு மாத்திரை சாப்பிடுகிறார் இல்லையா? பம்பளிமாசும் அதன் சாதியைச் சேர்ந்த கிரேப்ஃப்ரூட்டும் சில கொழுப்பு மாத்திரை, பிரஷர் மாத்திரைகளோடு சண்டை போடும். குடலில் மருந்தை உடைக்கிற நொதியை அந்தப் பழம் தடுத்துவிடுவதால், ஒரு மாத்திரை போட்டால் பல மாத்திரை போட்ட மாதிரி ரத்தத்தில் ஏறிவிடும். கனடாவில் வேறு ஏதோ சோதனைக்கு மருந்தோடு கிரேப்ஃப்ரூட் சாறு கொடுத்தபோது, 1989இல், தற்செயலாகக் கண்டுபிடித்தது. தோலிலும் அந்தச் சரக்கு இருக்கிறது. சாதாரணக் கமலாப் பழத்துக்கு இந்த எச்சரிக்கை சொல்வதில்லை. ஆனாலும் எந்தத் தோலையும் பொடியாக்கி மருந்து மாதிரி தினம் சாப்பிடுவதாக இருந்தால் டாக்டரிடம் மாத்திரைச் சீட்டைக் காட்டிக் கேட்டுவிடச் சொல்.

தோல் பேச்சு வந்ததால் இதையும் எழுதிவிடுகிறேன். தோலை உரிக்கிற பல்பர் மிஷினில் காப்பிப் பழம் அரைக்கிறபோது கொட்டைக்கு மேல் இருக்கிற சிவப்புத் தோல் குவியல் குவியலாக விழுகிறது. இரண்டு நாளில் புளித்த கள் வாடை அடிக்கும், நாங்கள் உரக்குழியில் தள்ளிவிடுவோம். ஏமன் நாட்டில் அந்தத் தோலைக் காயவைத்து, இஞ்சி தட்டிப் போட்டுக் கொதிக்க வைத்துக் குடிக்கிறார்களாம், கிஷர் என்று பெயர். காப்பியையே தூரப் போட்டுவிட்டுத் தோலைக் குடிக்கிற ஊர்! நல்ல பழமாகப் பொறுக்கி, மருந்து படாத பாத்தியிலிருந்து எடுத்துக் காயவைத்துப் பார்த்தேன். உலர் திராட்சை வாசம், இளம் புளிப்பு, மோசமில்லை. இவர் ஒரு வாய் குடித்துவிட்டு, "காப்பி எங்கே?" என்றார். தோலிலும் காஃபின் உண்டு, ராத்திரியில் குடித்தால் தூக்கம் போய்விடும்.

மற்றபடி இங்கே எல்லோரும் சுகம். மலைவாழை இந்த வருஷம் பரவாயில்லை, முடிக்கொத்து நோய் பக்கத்துத் தோட்டத்தோடு நிற்கிறது. ஆரஞ்சுதான் வருஷா வருஷம் குறைகிறது, பழைய மரங்கள் நுனியிலிருந்து காய்ந்துகொண்டே வருகின்றன. நாம் படிக்கிற காலத்தில் வத்தலக்குண்டுச் சந்தையில் கூடை கூடையாக இறங்கின பழத்தை இப்போதுள்ள பிள்ளைகளிடம் சொன்னால் நம்ப மாட்டார்கள். சின்னவன் எல்லாவற்றையும் பட்டர் ப்ரூட்டுக்கு மாற்றிவிடலாம் என்கிறான். இவருக்கு மனசில்லை, எனக்கும்தான்.

பொங்கலுக்கு முன்னால் எங்கள் ஊர்ப் பையன் ஒருவன் மதுரைக்கு வருகிறான். அவனிடம் ஒரு பை கமலா, கொஞ்சம் சௌசௌ, ஒரு பாட்டில் தொக்கு கொடுத்து அனுப்புகிறேன். அண்ணனுக்கு என் வணக்கம் சொல். தைப்பூசத்துக்குப் பழனி வருவதாக இருந்தால் முன்னாலேயே தெரியப்படுத்து, வத்தலக்குண்டுக்கே வண்டி அனுப்பச் சொல்கிறேன்.

அன்புடன்,
கோமதி